மேசைமேல் பேசிய தலை: கீழே வெறும் மணல். எப்படி?

பாலையடி (சனி, இரவு 10.15)

நேற்று கிளிநொச்சிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு அம்மம்மாவையும் அக்காவின் மகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். வீதிக் கரையில் வழக்கமான கடைகள்தான். கச்சான், தும்புமுட்டாசு, காப்புக்கடை, ஐஸ்கிறீம் வான். அவற்றுக்குப் பின்னால் நீலத் தறப்பாள் அடித்த ஒரு கொட்டகை. வாசலில் 'பேசும் தலை' என்று சிவப்பு எழுத்தில் பலகை. ஆளுக்கு 200 ரூபாய். மருமகன் என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சரி என்று போனோம்.

கண்டதை மட்டும் எழுதுகிறேன். நினைத்ததை எழுதினால் நீங்களும் என்னோடு சேர்ந்து குழம்புவீர்கள்.

கொட்டகை ஒடுக்கம். நாங்கள் நின்றது ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம். கயிற்றிலிருந்து எட்டு அடி தள்ளி ஒரு சின்ன மேசை. மேசைக்குச் சீலை விரிக்கவில்லை. கால்களுக்கு நடுவால் பின்பக்கத்துச் சீலை அப்படியே தெரிந்தது. கீழே வாரிவிட்ட மணல். மேலே ஒரேயொரு குமிழ் விளக்கு. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். முன்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெண்பிள்ளையின் தலை. கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பட்டி. கண் மூடியிருந்தது.

"எழும்பம்மா" என்றார். கண்ணைத் திறந்தாள். ஆட்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என் மருமகனைப் பார்த்து "மஞ்சள் சேட்டுப் போட்ட தம்பி, கச்சானை மென்றுபோட்டுக் கதையுங்கோ" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நடுவில் ஒரு நுளம்பு அவள் கன்னத்தில் வந்து இருந்தது. வாயைக் கோணி 'ஃபூ' என்று ஊதிக் கலைத்தாள்.

பிறகு அவர் பெட்டியைப் பூட்டி, ஏதோ மந்திரம் போல முணுமுணுத்துத் திரும்பத் திறந்தார். தலை இல்லை. ஒரு கைப்பிடி சாம்பல். அதை முன்வரிசைக்கு ஒவ்வொரு சிட்டிகை கொடுத்தார். அம்மம்மா பேப்பர்த் துண்டில் மடித்துக் கொண்டுவந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறா.

மேசைக்குக் கீழே ஆள் இல்லை. நான் குனிந்தே பார்த்தேன். உடம்பு எங்கே?


கோபுரவாசல் (சனி, இரவு 10.31)

இதென்ன பெரிய விசயம். ஹோலோகிராம். இப்போது கலியாண வீட்டிலேயே செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் விம்பத்தை விழுத்தினால் சரி.


வெடிப்பலகை (சனி, இரவு 10.40)

ஹோலோகிராமுக்கு ஒரு குமிழ் விளக்கும் தறப்பாளும் போதுமா? என் கணிப்பு பொம்மை. உள்ளே ஸ்பீக்கர். பின்னால் ஒருத்தி மைக்கில் கதைக்கிறாள்.


பாலையடி (சனி, இரவு 10.52)

பொம்மையில் எதற்கு நுளம்பு வந்து இருக்கிறது?


வெடிப்பலகை (சனி, இரவு 10.55)

நுளம்புக்கு என்ன தெரியும்.


கரும்பலகை (சனி, இரவு 11.20)

நுளம்புக்கு நல்லாத் தெரியும். அது வருவது மூச்சுக்கும் உடம்புச் சூட்டுக்கும். நாங்கள் விடும் காபனீரொட்சைட்டை மோப்பம் பிடித்துத்தான் வருகிறது. பொம்மை மூச்சு விடாது. அதைவிடப் பெரிய சாட்சி ஒன்றை நீங்களே எழுதிவிட்டுக் கவனிக்காமல் போகிறீர்கள். அந்தப் பிள்ளை ஊதினாள். ஊதுவதற்கு நெஞ்சு வேண்டும், நெஞ்சுக்குக் கீழே பிரிமென்றகடு என்ற மூச்சுத்தசை வேண்டும். ஆகவே தலைக்குக் கீழே முழு ஆள் இருக்கிறாள். 'உடம்பு எங்கே' என்ற கேள்வி முடிந்தது. மேசைக்குக் கீழேதான். மிச்சமிருப்பது ஏன் தெரியவில்லை என்பது மட்டும்.

கோபுரவாசல் சொல்வதற்கும் ஒரு பதில். அவர் மனதில் இருப்பது ஹோலோகிராம் அல்ல, பெப்பர் என்பவரின் பேய். 1862 நத்தாருக்கு முதல்நாள் லண்டனில் ஜோன் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டியது. கற்பனை டேர்க்ஸ் என்ற பொறியியலாளருடையது. பெரிய வெறுங்கண்ணாடியைச் சரித்து நிறுத்தி, மறைவில் நிற்கும் ஆளுக்குப் பலத்த வெளிச்சம் அடிப்பார்கள். கண்ணாடியில் விழும் விம்பம் மேடையில் நிற்பதுபோல் தெரியும். ஆனால் அது புகைபோல இருக்கும், பின்னால் இருப்பதும் ஊடே தெரியும். பேய்க்குச் சரி. கன்னத்தில் நுளம்பு இருக்கும் பிள்ளைக்குச் சரிவராது.

பாலையடி தம்பி, மூன்று கேள்வி. யோசித்துப் பதில் சொல்லுங்கள், அவசரமில்லை. மேசைக்கு எத்தனை கால், எந்தப் பக்கம் பார்த்து நின்றன? பக்கச் சீலைகள் என்ன நிறம், பின் சீலை என்ன நிறம்? கோட்டுக்காரர் எங்கே எங்கே நின்றார், எங்கே ஒருதரமும் நிற்கவில்லை?


நந்திக்கரை (ஞாயிறு, காலை 6.05)

எல்லாவற்றையும் கிண்டிக்கிளறத்தான் வேண்டுமா? முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் மண் இது. அதையும் ஒருநாள் இப்படிக் கேள்வி கேட்பீர்கள்.


கரும்பலகை (ஞாயிறு, காலை 7.30)

நந்திக்கரை அண்ணை, நானும் அந்த அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வருசம் தவறாமல் போகிறவன். அங்கே வாசலில் 200 ரூபாய் ரிக்கற் இல்லை, 'ஏமாற்றிக் காட்டுகிறேன் பார்' என்று பலகையும் இல்லை. இந்த மனுசன் வித்தை காட்டுகிறேன் என்று சொல்லித்தான் காசு வாங்கினார். வித்தையை யோசிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டவேண்டாம்.


பாலையடி (ஞாயிறு, காலை 9.10)

சேர் (உங்கள் எழுத்தைப் பார்த்தால் சேர் என்றுதான் வாயில் வருகிறது), இரவு முழுக்க யோசித்தேன்.

மூன்று கால். இதை இப்போதுதான் கவனிக்கிறேன். மேல்பலகை முக்கோணம் மாதிரி. ஒரு கால் நேரே எங்களைப் பார்த்து, இரண்டு பின்னுக்கு. எங்கள் வீட்டில் குத்துவிளக்கு வைக்கும் முக்காலியைத் தவிர மூன்று காலில் மேசை நான் கண்டதில்லை.

சீலைகள் மூன்று பக்கமும் ஒரே கருநீலம். மடிப்புக்கூட ஒரே அளவு.

கோட்டுக்காரர் நடு முன்னால் வந்து, எங்களுக்கு முதுகு காட்டிப் பெட்டியை வைத்தார். பிறகு அதே வழியால் திரும்பி வந்து, வலப்பக்கச் சீலையோடு ஒட்டிச் சுற்றிப்போய், மேசைக்கு ஓரடி பின்னால், வலப்பக்கமாகத் தள்ளி நின்றார். சுற்றிப்போகும்போது என்ன தெரிந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, அந்த நேரம் அவள் கண் திறந்தாள். மேசைக்கு நேர் பின்னால் ஒருதரமும் போகவில்லை. மேசைக்குச் சரி பக்கத்தில் நிற்கவும் இல்லை.

இன்னொன்று. மருமகன் நேற்றே சொன்னான், நான் பேசிப்போட்டு விட்டுவிட்டேன். அவன் ஒரு கச்சான் கோதை மேசைக்குக் கீழால் எறிந்திருக்கிறான். "ஒண்டுதான் மாமா எறிஞ்சனான், ரெண்டு கிடந்தது" என்கிறான்.


கரும்பலகை (ஞாயிறு, காலை 9.48)

உங்கள் மருமகனுக்கு என் கணக்கில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள்.

தளவாடி. முகம் பார்க்கும் கண்ணாடிதான். முன்காலிலிருந்து இடது பின்காலுக்கு ஒன்று, முன்காலிலிருந்து வலது பின்காலுக்கு ஒன்று. மேலேயிருந்து பார்த்தால் கூர் உங்கள் பக்கம் பார்த்த ஒரு ஆப்பு. ஆப்புக்குள்ளே அந்தப் பிள்ளை குந்திக்கொண்டிருக்கிறாள். மேல்பலகையில் ஓட்டை, ஓட்டையால் தலை, ஓட்டையை மறைக்கச் சரிகைப் பட்டி.

ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தோம், படுகோணமும் தெறிகோணமும் சமன் என்று. பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோம். உங்கள் பார்வைக் கோட்டுக்குக் கண்ணாடி 45 பாகை சரிந்திருந்தால், பார்வை 90 பாகை திரும்பும். கீழால் பின் சீலையைக் கண்டேன் என்று எழுதினீர்கள். நீங்கள் கண்டது பக்கச் சீலை. இடப்பாதியில் இடப்பக்கச் சீலை, வலப்பாதியில் வலப்பக்கச் சீலை. எல்லாம் ஒரே நிறம், ஒரே மடிப்பு, மேசையிலிருந்து ஒரே தூரம் என்றால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. மணலும் அப்படியே தொடர்வதுபோல் தெரியும்.

இதை எனக்கு முன்னமே ஒருவர் செய்துவிட்டார். 1865 ஒக்டோபரில் லண்டன் எகிப்திய மண்டபத்தில் ஸ்டொடேர் என்பவர் 'ஸ்பிங்ஸ்' என்று காட்டினார். தன்னைக் கேர்ணல் என்று சொல்லிக்கொண்டவர், பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கையில் பெட்டி, மூன்று கால் மேசை, எகிப்தியத் தலை, கடைசியில் பெட்டிக்குள் சாம்பல். உங்கள் கொட்டகையில் நடந்ததேதான். கண்ணாடி யோசனை தோமஸ் டோபின் என்ற இளைஞனுடையது. பிறகு பாரிசில் இதே தலையைக் காட்டியபோது குறும்புக்காரர் சிலர் காகித உருண்டை சுருட்டி எறிந்தார்களாம். உருண்டை வெறுங்காற்றில் முட்டித் திரும்பி வந்தது. உங்கள் மருமகன் கச்சான் கோதால் செய்தது அதைத்தான். ஒரு கோது மணலில் கிடந்தது, மற்றது அதன் விம்பம்.


தச்சன்மகன் (ஞாயிறு, பகல் 12.15)

நான் மரவேலை செய்கிறவன். கண்ணாடி பூட்டிய அலுமாரி எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். சேர் சொல்வது கடதாசியில் சரி, ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. கண்ணாடி என்றால் எங்களைக் காட்டவேண்டும். எட்டு அடியில் அறுபது பேர் நிற்கிறார்கள். ஒருத்தனாவது தன் சாரத்தைக் கண்டிருக்க மாட்டானா?


கரும்பலகை (ஞாயிறு, பகல் 12.40)

நேரே நிறுத்திய கண்ணாடிதான் உங்களை உங்களுக்குக் காட்டும். சரித்த கண்ணாடி பக்கத்தைக் காட்டும். உங்கள் சாரத்தைக் காண்பதானால் நீங்கள் போய் மேசைக்கும் பக்கச் சீலைக்கும் நடுவே நிற்கவேண்டும். அங்கே விடாமல் பார்க்கத்தான் கயிறு. அங்கேதான் கோட்டுக்காரரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவருடைய காற்சட்டை மேசைக்குக் கீழே தெரிந்திருக்கும். நேர் பின்னால் போனாலும் வில்லங்கம், அவருடைய கால் தெரியவேண்டிய இடத்தில் தெரியாது. அதனால் முன்னால் நேரே வந்து வைக்கிறார். பின்னுக்குப் போகும்போது மட்டும் அந்தப் பட்டையைத் தாண்டித்தான் ஆகவேண்டும், அந்த நொடிக்குத்தான் அவள் கண் திறக்கிறாள். அறுபது பேரும் மேலே பார்ப்பார்கள்.


கோபுரவாசல் (ஞாயிறு, பகல் 1.02)

அப்போ பெட்டி? தலை பெட்டிக்குள் எப்படி வந்தது?


கரும்பலகை (ஞாயிறு, பகல் 1.10)

பெட்டிக்கு அடி இல்லை. ஒற்றைக் கையில் தூக்கி வந்தார் என்று தம்பி எழுதியிருக்கிறார். ஒரு மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ வரும். வெறும் பெட்டியை வைத்தபிறகுதான் தலை கீழிருந்து ஏறியது.


வெடிப்பலகை (ஞாயிறு, பகல் 1.25)

அப்படியே மேடையில் ஒரு பெண்ணை மரம் அரியும் வாளால் அறுக்கும் வித்தையையும் சொல்லிவிடுங்களேன் சேர்.


கரும்பலகை (ஞாயிறு, பகல் 1.33)

அதற்கு வேறு இழை திறவுங்கள். செல்பிற் என்பவர் 1921 தை மாதம் லண்டனில் முதன்முதல் பொதுமேடையில் அறுத்தார். 1956இல் நம்ம பக்கத்து வங்காளத்து வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் அறுத்தபோது, பிள்ளை எழும்புவதைக் காட்டமுதல் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. செத்துப்போனாளா என்று கேட்டு ஆட்கள் தொலைபேசியை விடாமல் அடித்தார்களாம். இங்கே தலையோடு நிற்போம்.


தச்சன்மகன் (செவ்வாய், இரவு 8.50)

இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டேன். செய்து பார்த்தாயிற்று.

பட்டறையில் கிடந்த பழைய அலுமாரிக் கண்ணாடி ஒன்றை இரண்டடிக்கு இரண்டடியாக இரண்டு துண்டு வெட்டினேன். ஒட்டுப்பலகையில் முக்கோண மேசை. மூன்று பக்கமும் நீலத் தறப்பாள், அதற்குப் பஞ்சமில்லை. நிலத்தில் இரண்டு சாக்கு மணல்.

முதல்நாள் கண்ணாடியை மாறிப் பூட்டிவிட்டேன். கூர் பின்னுக்கு, வாய் என் பக்கம். குனிந்து பார்த்தால் என் முகம் என்னையே பார்க்கிறது. அதிலும் ஒரு விசித்திரம். வலக்கண்ணைச் சிமிட்டினால் வழக்கமாகக் கண்ணாடியில் சிமிட்டும் பக்கம் இல்லை, மற்றப் பக்கம் சிமிட்டுகிறது. செங்கோணத்தில் நிற்கும் இரண்டு கண்ணாடி இடம்வலத்தை மாற்றாதாம், சேரிடம் கேட்டபிறகுதான் தெரிந்தது. முப்பது வருசமாக முகம் வழிக்கிறேன், மற்ற ஆட்கள் காணும் என் முகத்தை அன்றைக்குத்தான் கண்டேன். மூக்கு கொஞ்சம் கோணல்.

இரண்டாம் நாள் திருப்பிப் பூட்டினேன். பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். சேர், சத்தியமாகச் சொல்கிறேன், நானே வெட்டி நானே பூட்டிய கண்ணாடி, ஆனாலும் கண் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. வெறும் இடம். கீழால் தறப்பாள். போய்க் கையை நீட்டினால் விரலும் விரலும் முட்டுகிறது.

மூன்று சங்கடம் வந்தது. கண்ணாடியின் வெட்டு விளிம்பு பச்சைக் கோடாகத் தெரிந்தது. மேலே பலகைக்கு ஒரு சட்டம் அடித்து மறைத்தேன், பக்கம் இரண்டையும் கால்கள் மறைத்தன. கீழ் விளிம்பை என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, காலடியில் கிடந்த மணலே சொன்னது. ஒரு விரல் ஆழத்துக்குப் புதைத்துவிட்டேன். கொட்டகைக்காரன் மணல் கொட்டியது அழகுக்கு அல்ல. அடுத்தது வெளிச்சம். பட்டறைக் கதவு ஒரு பக்கம் திறந்திருந்ததால் இடப்பாதி வெளிறி, வலப்பாதி இருண்டு, நடுக்காலில் பிளந்தமாதிரி இருந்தது. கதவைச் சாத்தி நேர் மேலே ஒரு குமிழ் போட்டதும் இரண்டும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது புழுதி. மரத்தூள் கண்ணாடியில் படிந்தால் பேய்க்கோலம் போல நிற்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் துடைக்கவேண்டும்.

கடைசியாக மகளைக் கீழே குந்தவைத்துத் தலையை நீட்டச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மனிசி தேத்தண்ணியோடு வந்தா. கத்திய கத்தலில் பக்கத்து வளவு ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். கோப்பை இரண்டு உடைந்தது.


கோபுரவாசல் (செவ்வாய், இரவு 9.05)

படம் போடுங்கள் அண்ணை!


தச்சன்மகன் (செவ்வாய், இரவு 9.12)

படத்தில் ஒன்றுமே தெரியாது தம்பி. மேசையும் மகளுடைய தலையும்தான் தெரியும். அதுதானே வித்தை.


மூன்றாம்கால் (செவ்வாய், இரவு 11.40, புதிய உறுப்பினர்)

இந்த இழையை என் மகன் காட்டினான். எழுதுவதா விடுவதா என்று ஒரு மணித்தியாலமாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் அந்தத் தலையாக இருந்தவள். நீங்கள் கண்ட கொட்டகையில் அல்ல. 80களின் தொடக்கத்தில், என் சித்தப்பாவின் குழுவில். வவுனியாவில் இருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, அந்தப் பக்கம் பூநகரி என்று எங்கே திருவிழாவோ அங்கே லொறி போகும். எனக்குப் பத்தொன்பது வயது. கழுத்து நீளம் என்று என்னைப் பிடித்தார்கள்.

நீங்கள் எல்லாரும் கண்ணாடியைப் பற்றியே எழுதுகிறீர்கள். சரியாகத்தான் எழுதுகிறீர்கள், மணலைக்கூடக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்கள் கண்ணாடிகளுக்குப் பெயரே வைத்திருந்தோம், மூத்தவள், இளையவள் என்று. லொறியில் பழைய சேலைகளைச் சுற்றி, வைக்கோலுக்கு நடுவே படுக்கவைத்துத்தான் கொண்டுபோவோம். எங்களுக்கு மரப்பலகை, அவைக்கு மெத்தை. செம்மண் றோட்டால் போய் இறங்கினால் முதல் வேலை பழைய பேப்பரும் தண்ணீரும் எடுத்து அவையைத் துடைப்பது. ஒரு விரல் அடையாளம் பட்டாலும் சித்தப்பா குதிப்பார்.

ஆனால் உள்ளே இருப்பது வேறு. முழந்தாளில் குந்தி, கழுத்தை ஓட்டைக்குள் கொடுத்தால் நாடிக்குக் கீழே பலகை வெட்டும். ஒரு இரவில் பன்னிரண்டு, பதின்மூன்று காட்சி. கீழே இருட்டு, புழுக்கம், சுள்ளெறும்பு. நுளம்பு காலைத் தின்னும், சொறிய முடியாது, தோள் அசைந்தால் கழுத்துப் பட்டி அசையும். முகத்தில் இருந்தால் ஊதலாம், காலில் இருந்தால் சிரிக்கவேண்டியதுதான். ஒருநாள் பெரிய தும்மல் ஒன்று வந்துவிட்டது. கூட்டம் உறைந்துபோய் நின்றது. சித்தப்பா அசரவில்லை. "பாருங்கோ, எகிப்திலயிருந்து வந்தது, இந்த ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். பிறகு அந்தத் தும்மலை ஒவ்வொரு காட்சியிலும் தும்மச் சொன்னார்.

சாம்பல் என் மடியில் பால்மா ரின் மூடியில் இருக்கும். பெட்டி பூட்டியதும் தலையை இழுத்து, மூடியை ஓட்டையால் மேலே வைத்து, சின்னப் பலகையைத் தள்ளி அடைக்கவேண்டும். சித்தப்பா மந்திரம் சொல்லும் நேரம்தான் எனக்கு. மந்திரம் நீண்டால் நான் தடுமாறுகிறேன் என்று அர்த்தம். பாதிச் சாம்பல் என் கண்ணில்தான் கொட்டும். அது அடுப்புச் சாம்பல்தான். பாலையடித் தம்பி, அம்மம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

ஒரு கதையோடு நிறுத்துகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஐயா கயிற்றுக்குக் கிட்ட வந்து நின்று, தன்னுடைய பசுவைக் காணவில்லை, எந்தப் பக்கம் போய்த் தேட என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. குளத்துப் பக்கம் பாருங்கோ ஐயா என்றேன். மாடு வேறெங்கே போகும், அது பங்குனி வெயில். அடுத்தநாள் இரவு அவர் ஒரு முட்டித் தயிரோடு வந்தார். தலைக்குக் கொடுக்கவேண்டும் என்று நின்றார். சித்தப்பா வாங்கிவைத்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்து நான்தான் சாப்பிட்டேன். அவர் முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மேசைக்கு மேலே இருந்தால் ஆட்களின் முகம்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது.


நந்திக்கரை (புதன், காலை 6.20)

அக்கா, நான் கண்டிக்க வந்தவன். உங்கள் எழுத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறேன்.


வெடிப்பலகை (புதன், காலை 8.15)

ஒரு சந்தேகம். இதையெல்லாம் இப்படிப் பொதுவில் போட்டால் அந்தக் கொட்டகைக்காரரின் பிழைப்பு?


மட்டுறுத்துநர் (புதன், காலை 8.40)

யோசித்தோம். நூறு வருசத்துக்கு மேலாக அச்சில் வந்துகொண்டிருக்கும் விசயம் என்பதால் இழை இருக்கட்டும். கொட்டகை எந்தக் கோயிலில் நின்றது என்பதை யாரும் கேட்கவேண்டாம், யாரும் எழுதவேண்டாம். கயிற்றுக்கு உள்ளே போய்க் கோது எறியவும் வேண்டாம்.


பாலையடி (புதன், இரவு 9.30)

அம்மம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள் மூன்றாம்கால் அக்கா, மருமகன் முந்திக்கொண்டான். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்த புளுகில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அம்மம்மா வெற்றிலையை இடிப்பதை நிறுத்தவே இல்லை. "அது எனக்கு அண்டைக்கே தெரியுமடா. உடம்பில்லாததுக்கு நுளம்பு என்னத்துக்கு வருது?" என்றா. சேர் இரவிரவாக யோசித்து எழுதியதை அவ கொட்டகைக்குள்ளேயே முடித்துவிட்டா. அப்போ சாம்பலை ஏன் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தீர்கள் என்றேன். "பின்ன எங்க வைக்கிறது, மேசையிலயோ?" என்றா. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கண்ணாடியைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எழுதியதை வாசித்துக் காட்டியபோது மட்டும், அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தானே கீழே கடித்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தா. திருவிழா வெள்ளிக்கிழமை முடிகிறது. நாளைக்குத் திரும்பப் போகவேண்டுமாம். ஒரு பெட்டி நுளம்புச் சுருள் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறா, கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொடுக்க. கொடுத்தால் கோட்டுக்காரர் பேசுவாரா?


மூன்றாம்கால் (புதன், இரவு 9.47)

சுருள் வேண்டாம் தம்பி. மேசைக்குக் கீழே கொளுத்தினால் புகை ஓட்டையால் ஏறிப் பெட்டிக்குள் வரும், பிள்ளை இருமும். வேப்பெண்ணெய் ஒரு சின்னப் போத்தல் கொடுக்கச் சொல்லுங்கள், காலில் பூசிக்கொள்ளும். முன்வரிசைக்கு மணக்கும்தான். எகிப்து மணம் என்று சொல்லிவிடுவார்கள்.